ஒரே டப்பாவில் இரண்டு சாமான்: ரிமோட் ஸ்டார்ட்டும் அலாரமும் போடலாமா?

"ரிமோட் ஸ்டார்ட்டு, அலாரம், ரெண்டும் ஒரே டப்பா மாமா. பத்தாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும்." மச்சான் இதைச் சொன்னபோது அவன் கார் வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் ஹேட்ச்பேக், கையால் கியர் போடுகிற வண்டி. வீடு தண்டையார்பேட்டையில் ஒரு குறுக்குத் தெருவில், இரண்டாவது மாடி. வண்டிக்கு இடம் தெருவோரம்தான். பகலில் வெயில் நேராக அடிக்கும், ராத்திரி பக்கத்துத் தெரு நாய்கள் பானெட் மேல் ஏறிப் படுக்கும்.

அவனுக்காக ஜி.பி. ரோட்டில் மூன்று கடை, பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாய், காரின் ஷோரூம் என்று எல்லா இடத்திலும் விசாரித்தேன். ஒன்று புரிந்தது. கடைக்காரர் ஒரே டப்பாவில் போட்டுத் தருவதால் அதை ஒரே சாமானாக நினைத்துக்கொள்கிறோம். வெயிலில் கொதிக்கிற சீட்டுக்காக, தூரத்திலிருந்தே பட்டனை அழுத்தி எஞ்சினையும் ஏசியையும் ஓடவிடுகிற ரிமோட் ஸ்டார்ட். வண்டி போய்விடுமோ என்ற பயத்துக்காக அலாரம். இரண்டு கவலைகளையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் விடையும் தனித்தனியாக வருகிறது.

முதலில் ரிமோட் ஸ்டார்ட். இதைக் கண்டுபிடித்த ஊர்களில் பனி கொட்டும். எஞ்சினைச் சூடாக்க, கண்ணாடியில் உறைந்த பனியைக் கரைக்க, வீட்டுக்குள் இருந்தபடியே பட்டனை அழுத்துவார்கள். நமக்கு ஏசி மட்டும்தான் காரணம். சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம் நின்ற காரில் ஸ்டியரிங்கைத் தொட முடியாது என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் கியர் வண்டிக்கும் நடுவில் இந்த விஷயத்தில் பெரிய பள்ளம் இருக்கிறது.

ஆட்டோமேட்டிக்கில் லீவர் 'பி'யில் (பார்க்) இருந்தால் வண்டி நகராது. 'டி'யில் (டிரைவ்) இருந்தால் எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரே சுற்றாது. ரிமோட் கிட்டுக்கு அதற்கு மேல் யோசிக்க வேண்டிய வேலை இல்லை. கியர் வண்டியில் அப்படிக் காவல் கிடையாது. முதல் கியரில் நிறுத்திவிட்டு மேலே போய் பட்டனை அழுத்தினால் செல்ஃப் மோட்டார் வண்டியையே இழுக்கும். ஒரு முழம் குதித்து நின்றால் அதிர்ஷ்டம். எஞ்சின் பிடித்துக்கொண்டால் முன்னால் நிற்கிற பைக், அதற்கு முன்னால் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் என்று வரிசையாக நினைத்துப் பாருங்கள். சில கார்களில் கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று கம்பெனியே ஒரு சுவிட்ச் வைத்திருக்கும். ரிமோட் போடுகிறவர் முதல் வேலையாக அந்த சுவிட்சைத்தான் ஒயர் போட்டுத் தாண்டிவிடுவார். வேறு வழி இல்லை, காலால் மிதிக்க உள்ளே ஆள் இல்லையே.

நல்ல கிட்டுகளில் இதற்கு ஒரு உபாயம் உண்டு. வண்டியை நிறுத்தும்போது எஞ்சினை அணைக்கக் கூடாது. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை எடுத்து, கீழே இறங்கிக் கதவை மூடி ரிமோட்டில் லாக் செய்ய வேண்டும். அதன்பிறகுதான் கிட் தானே எஞ்சினை அணைக்கும். ஆள் இறங்கிய பிறகும் எஞ்சின் ஓடியதென்றால் கியர் விழவில்லை என்று அதற்குக் கணக்கு. நடுவில் ஒரு கதவு திறந்தாலும் அன்றைக்கு ரிமோட்டில் ஸ்டார்ட் ஆகாது. அறிவான ஏற்பாடு. ஆனால் கதவு சுவிட்ச், ஹேண்ட் பிரேக் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஒயர் இழுத்தால்தான் இது வேலை செய்யும். விலை குறைந்த கிட்டில் இந்த ஏற்பாடு இருக்காது, இருந்தாலும் போடுகிறவர் அந்த ஒயர்களை இணைக்காமல் விடுவார். ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் "கியர்ல வண்டி இருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க சார், பழகிடும்" என்றார். பதில் அவ்வளவுதான்.

தெரு வழக்கமும் இங்கே வந்து முட்டுகிறது. எங்கள் பக்கம் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டி நிறுத்துகிற தெருக்களில் "ஹேண்ட் பிரேக் போடாதீங்க, தேவைப்பட்டா தள்ளிக்கிறோம்" என்பது எழுதாத ஒப்பந்தம். காலையில் மீன் வண்டி வெளியே எடுக்க வேண்டும், ஸ்கூல் வேன் உள்ளே வர வேண்டும். ரிமோட் ஸ்டார்ட்டுக்கு ஹேண்ட் பிரேக் கட்டாயம். மச்சானிடம் இதைச் சொன்னதும் கொஞ்சம் மௌனமானான். தெருக்காரர்களைப் பகைத்துக்கொண்டு ஏசி வாங்கி என்ன செய்வது?

சட்டமும் ஒன்று சொல்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி, பொது இடத்தில் வண்டி நிற்கிறதென்றால் ஓட்டுநர் சீட்டில் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் எஞ்சினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது ஆள் இல்லாதபோது வண்டி தானாக நகராதபடி வேறு ஏற்பாடாவது இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்காரர் அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் இல்லாமல் தெருவில் உறுமிக்கொண்டிருக்கும் வண்டிக்கு வாதமே கிடையாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் திருப்புகிற பக்கம் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றை பாய் சொன்னார். அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைய கார்களின் சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அது அருகில் இருந்தால்தான் எஞ்சின் பிடிக்கும். அதுதான் இம்மொபிலைசர். ரிமோட்டில் ஸ்டார்ட் ஆகும்போது சாவி மாடியில் அல்லவா இருக்கிறது? அதனால் இரண்டாவது சாவியை, அல்லது அதன் சிப்பை, டேஷ்போர்டுக்கு அடியில் நிரந்தரமாக ஒளித்து வைப்பார்கள். நல்ல மாட்யூல் என்றால் ரிமோட் அழுத்துகிற நேரம் மட்டும் அதைப் பேசவிடும். மட்டமான வேலை என்றால் எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும். "தம்பி, கம்பெனி போட்ட பூட்ட நாமே தொறந்து வச்சிட்டு, அதுக்கு மேல அலாரம்னு ஒரு மணிய கட்டுறோம்" என்றார் பாய். வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இரண்டு அசல் சாவிகளையும். ஒன்று வண்டிக்குள்ளேயே போய்விட்டது என்று எழுதிக்கொடுத்துப் பாருங்கள், கிளைம் எந்த வேகத்தில் நகரும் என்று.

மழைக்காலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. எண்ணூர் பக்கம் அதில் எண்ணெய்ப் படலம் வேறு. தண்ணீரில் நின்ற எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் கவர் எடுக்கவில்லை என்றால் அந்தச் செலவு நம் தலையில்தான். கீழே போகாமல் மாடியிலிருந்தே ஸ்டார்ட் செய்கிற வசதி இருக்கும்போது, ராத்திரி பெய்த மழையில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பார்க்காமல் அரைத்தூக்கத்தில் ஒருவர் பட்டனைத் தட்டினால்? கிட்டின் மூளைப்பெட்டியை வைப்பதும் ஸ்டியரிங்குக்குக் கீழே, கால் வைக்கிற இடத்துக்கு மேல்தான். தண்ணீர் புகுந்தால் சீட்டுக்கு அடுத்து நனைவது அது.

இவ்வளவும் தாண்டி ஏசி எவ்வளவு குளிரும்? வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது, அதாவது ஐடிலில், ஏசியின் கம்ப்ரசர் மெதுவாகச் சுற்றும். உள்ளே அடைபட்ட சூட்டுக் காற்று வெளியே போக வழியும் இல்லை. பத்து நிமிடம் ஓடினால் ஏசியோடு சேர்த்து ஏறக்குறைய 150 முதல் 200 மில்லி பெட்ரோல், அதாவது பதினைந்து இருபது ரூபாய். தினம் இரண்டு தடவை என்றால் மாதம் ஆயிரத்தைத் தொடும். அதற்குப் பதில் நான்கு கதவையும் ஒரு நிமிடம் திறந்துவிட்டு, ஜன்னலை இறக்கி முதல் இருநூறு மீட்டர் ஓட்டிவிட்டு ஏசி போட்டால் சூடு பாதிக்கு மேல் இறங்கிவிடும். முன் கண்ணாடிக்கு உள்பக்கம் வெள்ளி நிற மடக்குத் தட்டி வைத்தால் ஸ்டியரிங் கையைச் சுடாது. கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமே என்று கேட்காதீர்கள், 2012-லேயே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டுவிட்டது.

அடுத்தது அலாரம். இதில் என் கருத்து அவ்வளவு கறாரில்லை.

அலாரம் மட்டும் போட்டால் மூன்று நான்காயிரத்துக்குள் ஆகும் என்றார்கள். கதவு, டிக்கி, பானெட் திறந்தால் சைரன். அதிர்ச்சி பட்டால் சைரன். திருட்டுத்தனமாக ஸ்டார்ட் செய்தால் செல்ஃபுக்குப் போகிற கரண்ட்டை நிறுத்த ஒரு ரிலே, அதாவது கரண்ட்டால் இயங்குகிற சுவிட்ச். இதில் கதவு சுவிட்சும் ரிலேயும் உருப்படியான சாமான்கள். தகராறு முழுக்க அந்த அதிர்ச்சி சென்சாரில்தான்.

வட சென்னையில் தரை சும்மா இருப்பதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் விடிய விடிய ஓடுகின்றன. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் சமையலறைத் தட்டு நடுங்கும். என் பழைய காரில் ஒரு காலத்தில் இந்த அலாரம் போட்டிருந்தேன். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற அன்று ஸ்பீக்கர் பெட்டி வைத்ததும் அலறியது. சாவு ஊர்வலத்தில் வெடி போட்டபோது அலறியது. பறை நின்ற பிறகும் என் வண்டி நிற்காமல் கத்திக்கொண்டிருந்தது. துக்க வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. தீபாவளிக்கு மூன்று நாள் அலாரத்தையே அணைத்து வைத்தேன். அடுத்து சென்சாரின் திருகைக் குறைத்தேன். குறைத்துக் குறைத்துக் கடைசியில், பையன்கள் அடித்த பந்து கண்ணாடியில் பட்டாலும் அது வாயைத் திறக்கவில்லை. அக்கம்பக்கத்தார் அதற்குள் 'புலி வருது' கதைக்குப் பழகிவிட்டிருந்தார்கள். ஒரு நாள் உண்மையிலேயே யாரோ கதவை இழுத்துப் பார்த்தபோது தெருவில் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் வரம்பு என்கிறது ஒலி மாசு விதி. சைரனின் சத்தம் அதற்கு எங்கேயோ மேலே.

பேட்டரிக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். இந்த மாதிரிச் சின்னக் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. அலாரம் ராத்திரி பகல் விழித்திருக்க 25 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்தால் ஒரு நாளைக்கு 0.6, மாதத்துக்கு 18. கிட்டத்தட்டப் பாதி பேட்டரி. அதற்கு மேல் காரின் சொந்தத் தேவை வேறு. தினம் ஓட்டுகிறவருக்கு இது ஒன்றுமில்லை. மச்சான் வேலைக்கு வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் போகிறவன், காரை ஞாயிற்றுக்கிழமைதான் எடுப்பான். ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்தால் செல்ஃப் இழுக்காது.

ரிமோட்டைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறுகிற வகையா, ஒரே குறியீட்டைத் திரும்பத் திரும்ப அனுப்புகிற வகையா என்று. இரண்டாவது வகையென்றால் அந்த சிக்னலைப் பிடித்து வைத்துக்கொண்டு எவனும் திறக்கலாம். கடைக்காரருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் அதுவே பதில்.

அலாரம் போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு என்று எல்லாக் கடையிலும் சொன்னார்கள். உண்டுதான், ஆனால் எவ்வளவு? வண்டிகளையும் பாகங்களையும் சோதித்துச் சான்று தருகிற ஏ.ஆர்.ஏ.ஐ நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கருவியாக இருந்து, அதற்கான சான்றும் இருந்தால், ஓன் டேமேஜ் பிரீமியத்தில், அதாவது நம் வண்டிக்கு வருகிற சேதத்துக்காகக் கட்டுகிற பங்கில், 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். ஓன் டேமேஜ் ஆறாயிரம் என்றால் தள்ளுபடி 150. டீ செலவு. கடையில் தருகிற பெரும்பாலான கிட்டுகளில் அந்த அங்கீகாரமே கிடையாது.

திருட்டுப் பயத்துக்கு வேறு என்ன செய்யலாம்? பாய் முதலில் சொன்னது கியர் லாக். ஷோரூமிலேயே கிடைக்கும். கியர் லீவரை ரிவர்சில் வைத்துப் பூட்டுகிற இரும்புத் துண்டு. பேட்டரி வேண்டாம், ஒயர் வெட்ட வேண்டாம், அதனால் வாரண்டிக்கும் பங்கமில்லை. உடைக்க நேரமும் சத்தமும் ஆகும், திருடன் வெறுப்பது அந்த இரண்டையும்தான். தள்ளி நகர்த்துகிற தெருவில் ராத்திரி பூட்டி வைத்தால் காலையில் திறந்துவிட நாம்தான் இறங்கி வர வேண்டும் என்பது ஒன்றுதான் குறை.

அடுத்தது ஒளிவு சுவிட்ச். டேங்கிலிருந்து பெட்ரோலை அனுப்புகிற ஃபியூவல் பம்ப்பின் ரிலேயில், கட்டுப்பாட்டு ஒயரில் ஒரு சின்ன சுவிட்சைப் போட்டு, நமக்கு மட்டும் தெரிந்த இடத்தில் வைப்பது. சாமானும் கூலியும் சேர்த்து ஐந்நூறு அறுநூறு. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், லைனில் மிச்சமிருக்கிற பெட்ரோல் தீர்ந்ததும் சில நொடியில் நின்றுவிடும். வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் திருடன் விட்டுப் போவான். பம்புக்கே போகிற தடித்த ஒயரை வெட்டி சுவிட்ச் போடாதீர்கள், சுவிட்ச் சூடாகும். பாய் இதில் பிடிவாதக்காரர், வேறு எப்படியும் போட மாட்டார்.

மூன்றாவது ஜி.பி.எஸ். மூவாயிரம் நாலாயிரத்தில் கருவி, வருஷா வருஷம் சிம் ரீசார்ஜ். வண்டி அசைந்தாலே போனுக்குத் தகவல் வரும், தெருவே விழிக்க வேண்டியதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஓபிடி சாக்கெட்டில் செருகுகிற வகையை வாங்காதீர்கள். தெரிந்தவன் மூன்று நொடியில் பிடுங்கி எறிவான். தனி பேட்டரி உள்ள, உள்ளே மறைத்து ஒயர் போடுகிற வகையே நல்லது. போனிலிருந்தே எஞ்சினை நிறுத்தலாம் என்றும் சொல்வார்கள். ஓடுகிற வண்டியில் அது நடந்தால் பவர் ஸ்டியரிங் போய்விடும், பிரேக்கும் இறுகும். வேகம் இல்லாதபோது மட்டும் வேலை செய்யும்படி அமைத்துத் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்த ஒயரை இணைக்கவே வேண்டாம்.

யாரும் ரிமோட் ஸ்டார்ட் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொளத்தூரில் என் நண்பர் ஒருவருக்குச் சொந்த வீடு, சுற்றுச்சுவருக்குள் போர்ட்டிகோ, ஆட்டோமேட்டிக் வண்டி, வீட்டில் வயதான அம்மா. டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் கூட்டிப் போகிறார். அவர் கேட்டபோது தயங்காமல் போடச் சொன்னேன். போர்ட்டிகோவின் மூன்று பக்கமும் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன், மூடிய இடத்தில் புகை சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. கம்பெனியே ரிமோட் ஸ்டார்ட்டோடு தருகிற மாடல்கள் 2019 வாக்கில் இங்கே நிறைய வர ஆரம்பித்தன. புது வண்டி வாங்கப் போகிறவர் அதற்காகவே ஒரு படி மேல் வேரியன்ட் எடுப்பது, பிறகு ஒயரை வெட்டிப் போடுவதைவிட மேல். மின்சாரக் கார் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், எஞ்சின் ஓடாமலே ஏசி ஓடும்.

எதைப் போட்டாலும் போடுகிற கை முக்கியம். ஒயரை வெட்டாமல் கப்ளரில் கப்ளர் செருகுகிற ஹார்னஸ், அதாவது தயார் ஒயர்க் கட்டு, உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஒயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றுகிறவரிடம் கொடுக்காதீர்கள். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் காற்றில் அந்த முறுக்கு இரண்டு வருஷத்தில் பச்சை பூத்துவிடும். எலி வேறு இருக்கிறது, அது புது ஒயரை விட்டு வைத்து நான் பார்த்ததில்லை. பேட்டரியிலிருந்து வருகிற ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். போடும்போது எதிரில் நில்லுங்கள், டீ குடிக்கப் போகாதீர்கள்.

மச்சான் கடைசியில் கியர் லாக், ஒளிவு சுவிட்ச், ஜி.பி.எஸ். மூன்றும் போட்டான். ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக முடிந்தது. மிச்சத்தில் வெள்ளித் தட்டியும், சீட்டுக்குத் துணி உறையும். போன ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போன் வந்தது.

"மாமா, வண்டி ஸ்டார்ட் ஆகி ஆகி நிக்குது. நாலு வாட்டி பார்த்துட்டேன். பெட்ரோல் இருக்கு. பாய்க்கு போன் போடவா?"

"சுவிட்ச்சு?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எங்க வச்சோம் மாமா அத?"